கிரேஹாக்கைக் கட்டியவர்

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் பார்த்துட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட வர்றவங்க பகடையைப் பார்த்துப் பயப்படுறதில்லை. கதையைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க. எந்த ராஜா யாரோட சண்டை, எந்தக் கடவுள் யாருக்கு எதிரி, இதெல்லாம் படிச்சு முடிக்காம டேபிளில் உட்காரவே கூடாதுன்னு ஒரு நினைப்பு. அவங்க கேரி கைகாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

1938-ல் சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்த வயலின் கலைஞர். 1946-ல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சின்ன ஊருக்குக் குடிபோனது. கைகாக்ஸ் பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பார்த்த வேலையும் 1970-ல் போனது. வீட்டில் ஐந்து பிள்ளைகள். பிழைப்புக்கு ஷூ ரிப்பேர், மற்ற நேரமெல்லாம் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதுவது.

1972 கடைசியில் மின்னசோட்டாவிலிருந்து டேவ் ஆர்னசன் வந்து, தான் உருவாக்கிய பிளாக்மூரை அவர் வீட்டில் ஆடிக் காட்டினார். படையை நகர்த்தாமல், ஒருத்தர் ஒரே ஒரு கதாபாத்திரமாக நிலவறைக்குள் இறங்கும் ஆட்டம். அந்த யோசனை ஆர்னசனுடையது. எல்லாப் பெருமையையும் கைகாக்ஸுக்கே கொடுப்பது நியாயமில்லை. இது பின்னாடி கோர்ட் வரைக்கும் போன சமாச்சாரம்.

கைகாக்ஸ் தன் பங்குக்கு ஒரு கோட்டையின் கீழே ஒரே ஒரு நிலவறைத் தளம் வரைந்தார். முதலில் இறங்கியது அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும். எதிர்ப்பட்ட பிராணிகளை அடித்துக் கொன்றார்கள், கடைசியில் ஒரு பெட்டி நிறையச் செப்புக்காசு கிடைத்தது. ஆனால் தூக்க முடியாத கனம்! பிள்ளைகள் தூங்கப் போனதும் அப்பா உட்கார்ந்து இரண்டாவது தளம் வரைய ஆரம்பித்தார்.

கிரேஹாக் உலகம் வளர்ந்தது இப்படித்தான். வரலாறு எழுதி வைத்துவிட்டு அவர் ஆளைக் கூப்பிடவில்லை. புதையலை விற்க இடம் வேணும்னு வந்தபோது நகரம் வந்தது. நகரத்துக்கு வெளியே என்ன இருக்குன்னு வந்தபோது வட அமெரிக்கா மேப்பை எடுத்து, சிகாகோ இருக்கிற இடத்தில் கிரேஹாக்கை வைத்துவிட்டார். ஆடியவர்களின் பெயர்களே புராணம் ஆயின. எர்னஸ்ட் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் டென்சர் என்ற மந்திரவாதி. ஜிம் வார்டைத் திருப்பிப் போட்டால் டிராமிஜ். இன்னொரு மகன் லூக்கின் கதாபாத்திரத்துக்குப் பெயரே கிடையாது; தாளில் ஆண் என்பதற்கு எம், பக்கத்தில் எல்ஃப் என்று இருந்தது. சேர்த்துப் படித்தால் மெல்ஃப்.

1974 ஜனவரியில் மூன்று சின்னப் புத்தகங்களாக விளையாட்டு வெளியானது, 1,000 பிரதிகள். கிரேஹாக் உலகம் தனிப் புத்தகமாக, பெரிய வரைபடத்தோடு, 1980-ல்தான் வந்தது. அதாவது எட்டு வருஷம் யாரும் அதைப் படிக்காமலே அதில் ஆடியிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கஷ்டம். 1985-ல் தான் தொடங்கிய டிஎஸ்ஆர் கம்பெனியிலேயே அதிகாரத்தை இழந்தார், அடுத்த வருஷம் வெளியேறினார். கிரேஹாக் கம்பெனியின் சொத்தாகவே நின்றுவிட்டது. 1988-ல் அவர் கோட்டையின் பெயரில் கம்பெனி வெளியிட்டது ஒரு கேலிப் புத்தகம். அதே வருஷம் அவர் தன் கார்ட் நாவல் வரிசையின் கடைசிப் புத்தகத்தில் அந்த உலகத்தையே அழித்தார். கம்பெனியின் பதிப்பில் அது அழியவில்லை. 1991-ல் அங்கே ஒரு பெரிய போர் நடத்தி, கதையைத் தொடர்ந்தார்கள். எது அசல் கிரேஹாக் என்று இன்னிக்கும் ரசிகர்கள் அடிச்சுக்கிறாங்க. எனக்கு நாவலில் வரும் அழிவு நியாயமாத்தான் படுது, ஆனா அதை வைத்து ஆட முடியாதே.

கடைசிக் காலத்தில் கிரேஹாக் பெயரைப் பயன்படுத்த முடியாமல், தன் பெயரையே திருப்பிப் போட்ட மாதிரி காசில் ஸாகிக் என்று அந்தக் கோட்டையை மறுபடி எழுத ஆரம்பித்தார். முடிக்கவில்லை. 2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவாவில் காலமானார், வயது 69.

2024-ல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில், புதியவர்களுக்கு மாதிரி உலகமாகக் கொடுத்திருப்பது கிரேஹாக்கைத்தான். மந்திரங்களின் பட்டியலில் மெல்ஃபின் அமில அம்பும் அப்படியே இருக்கு.