நாணலின் நலம் கண்ட நங்கை

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக ஓடுவது கொள்ளிடம். அதன் கரையில் நாணல் வெண்பூப் பூத்து நிற்கும். வடக்கே பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் சர்க்கரை ஆலை உளது. அப்பக்கத்து வயல்களில் கரும்பு விளைகின்றது. உழவர் கரும்பைப் பேணுவர். நாணலைக் களையென்று வெட்டி எறிவர். இவ்விரண்டும் ஒரு குடிப் பிறந்தவை என்பதை அறிவார் சிலரே. அந்நாணலின் உள்ளியல்பை நுணுகி ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாக விளங்கியவர். செடிகொடிகளில் ஈடுபாடு மிக்கவர். மகளிர் கல்லூரி புகுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், ஜானகி சென்னையில் இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934-இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். அங்கு முன்னரே இனிய கரும்பொன்றை நாணலோடு கலந்து, 1918-இல் கோ 205 என்னும் வகையை வெளியிட்டிருந்தனர். இனிய கரும்பு சாறு மிக்கது. ஆயினும் நோய்க்கும் வறட்சிக்கும் ஆற்றாது. நாணலோ இனிப்பற்றது, எதனையும் தாங்கி நிற்பது. கரும்புக்கு வேண்டிய வலிமை நாணலிடம் இருந்தது.

ஆனால், எந்த நாணல்? ஒன்று குட்டையாய் நிற்கும். மற்றொன்று ஆளுயரத்தைக் கடந்து வளரும். இலையின் அகலமும் தண்டின் பருமனும் இடத்துக்கு இடம் வேறுபடும். அம்மையார் நுண்ணோக்காடியின் வழியே உயிரணுக்களினுள் நோக்கினார். பெற்றோரின் இயல்புகளை வழித்தோன்றல்களுக்குக் கொண்டு செல்லும் நுண்ணிழைகளைக் குரோமோசோம் என்பர். மாந்தர்க்கு இவை பொதுவாக 46. நாணலிலோ அவ்வெண் செடிக்குச் செடி மாறுகின்றது. 40 முதல் 128 வரை உண்டென இன்று அறிகின்றோம். ஒரே பெயர் தாங்கிய புல்லுக்குள் இத்துணை வேறுபாடு! கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்தும் அவர் ஆராய்ந்தார்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தை அவர் இங்கிலாந்தில் கழித்தார். குண்டுகள் வீழ்ந்த நாள்களிலும் ஆய்வை விட்டாரல்லர். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும் சைலண்ட் வேலிக் காட்டை அணையினின்று காக்கக் குரல் கொடுத்தார்.

சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆராய்ச்சியிலேயே நாள் கழித்த அவர், 1984-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் இயற்கை எய்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தேடிக் கொணர்ந்த நாணல் வகைகளைக் கோயம்புத்தூர் நிலையத்தார் இன்றும் தனித்தனியே வளர்த்து வருகின்றனர்.