ராணுவம் துரத்திய கேப்டன்.. இன்று அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் திட்டத்தின் தந்தை! யார் இந்த ஆல்டன் பார்ட்ரிட்ஜ்?

காலேஜ்ல டிகிரி படிச்சுக்கிட்டே ராணுவ அதிகாரி ஆக முடியுமா? அமெரிக்காவில் முடியும். அதற்குப் பெயர் ஆர்ஓடிசி. நம்ம ஊர் என்சிசி மாதிரிதான் தெரியும். ஆனால் இது படிப்பு முடிந்ததும் நேரடியாக அதிகாரி பதவிக்கே கொண்டு போகும். புகழ்பெற்ற வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியை விட அதிக அதிகாரிகளைத் தருவது இந்தத் திட்டம்தான்.

இதற்கு விதை போட்டவர், ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர் என்பதுதான் ஆச்சரியம்.

வாத்தியார் டூ குற்றவாளி

1785-ல் வெர்மான்ட் மாகாணத்தின் நார்விச் ஊரில் பிறந்தவர் ஆல்டன் பார்ட்ரிட்ஜ். 1806-ல் வெஸ்ட் பாயின்ட்டில் படிப்பை முடித்து, அங்கேயே கணிதம் கற்பித்தார். பின்னர் அகாடமியின் தலைவராகவும் ஆனார்.

1817-ல் அவருக்குப் பதிலாக சில்வானஸ் தேயர் நியமிக்கப்பட்டார். பார்ட்ரிட்ஜால் அதை ஏத்துக்க முடியல. திரும்பி வந்து பொறுப்பை மீண்டும் தன் கையில் எடுத்தார். விளைவு, கைது, விசாரணை, பதவி நீக்கத் தண்டனை. அதிபர் மன்றோ தண்டனையை ரத்து செய்தாலும், 1818-ல் பார்ட்ரிட்ஜ் ராஜினாமா செய்தார்.

சொந்த ஊரில் புது முயற்சி

அடுத்த ஆண்டே, 1819-ல் நார்விச்சில் சொந்தமாக ஒரு ராணுவ அகாடமி தொடங்கினார். ராணுவ அறிவு ஒரு சின்ன கூட்டத்தின் கையில் மட்டும் இருந்தால் குடியரசுக்கு ஆபத்து என்பது அவர் வாதம். விவசாயியோ, வக்கீலோ, இன்ஜினியரோ, யாராக இருந்தாலும் தேவைப்பட்டால் படை நடத்தத் தெரிய வேண்டும் என்றார்.

அதனால் வகுப்பறையில் இலக்கியம், அறிவியல், பொறியியல், மைதானத்தில் டிரில். மாணவர்களை நீண்ட தூரம் நடக்க வைத்து, மலை ஏற்றி, பாரோமீட்டரால் உயரம் அளக்கவும் சொல்லிக் கொடுத்தார்.

பாதை ஈஸியா இல்லை. 1825-ல் கனெக்டிகட் மாகாணத்துக்குப் பள்ளியை மாற்றி, சில ஆண்டுகளில் மீண்டும் நார்விச்சுக்கே திரும்பினார். 1834-ல் அது நார்விச் பல்கலைக்கழகம் ஆனது.

பார்க்காமலே போன வெற்றி

பொது நிலங்களை விற்கும் பணத்தில் இத்தகைய கல்விக்கு உதவுங்கள் என 1841-ல் நாடாளுமன்றத்துக்கு மனு போட்டார். அப்போது பலன் இல்லை. 1854-ல் இறந்தார்.

எட்டே ஆண்டுகளில், உள்நாட்டுப் போரின் நடுவே, அதிபர் லிங்கன் மோரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசு நிலம் பெறும் கல்லூரிகளில் ராணுவப் பாடமும் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதைக் கொண்டு வந்த ஜஸ்டின் மோரிலும் வெர்மான்ட்காரர்தான்!

1916-ல், முதல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தபோது, தேசிய பாதுகாப்புச் சட்டம் மூலம் ஆர்ஓடிசி அதிகாரப்பூர்வமாகப் பிறந்தது.

தன்னை வெளியே அனுப்பிய ராணுவத்துக்கு இன்று வரை அதிகாரிகளை அனுப்பிக் கொண்டிருக்கிறது பார்ட்ரிட்ஜின் யோசனை.