14 நாள் சிறை: மேரி கார்பென்டர் கேட்ட சட்டமும் கேட்காத நிபந்தனையும்

உங்களுக்கு 12 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். பசி தாங்காமல் கடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துவிட்டீர்கள். பிடிபட்டும்விட்டீர்கள். அடுத்து என்ன நடக்கும்?

இன்று சிங்கப்பூரில் என்றால் காவல்துறை விசாரிக்கும், பெற்றோரை அழைப்பார்கள், சமூக ஊழியர் பேசுவார். விவகாரம் பெரிதானால் இளையர் நீதிமன்றம்.

1840ஆம் ஆண்டின் இங்கிலாந்தில் என்றால்? பெரியவர்களை விசாரிக்கும் அதே நீதிமன்றம். பெரியவர்களை அடைக்கும் அதே சிறை. சில குற்றங்களுக்குக் கப்பல் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

இந்த மாற்றம் தானாக வந்துவிடவில்லை. அதற்காக வாழ்நாளில் பாதியைக் கொடுத்தவர்களில் ஒருவர் மேரி கார்பென்டர். அவர் கேட்ட சட்டம் 1854இல் வந்தது. ஆனால் அவர் கேட்காத ஒரு நிபந்தனையும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது: முதலில் 14 நாள் சிறை, பிறகுதான் பள்ளி. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த 14 நாளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

யார் இந்த மேரி கார்பென்டர்?

1807ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் பிறந்தார். தந்தை லேன்ட் கார்பென்டர், கிறிஸ்துவ சமயத்தின் யூனிட்டேரியன் பிரிவைச் சேர்ந்த போதகர். மேரிக்கு 10 வயதானபோது குடும்பம் பிரிஸ்டல் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையலும் இசையும் போதும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். மேரியின் அப்பா அப்படி நினைக்கவில்லை. பையன்களுக்காக அவர் நடத்திய பள்ளியிலேயே மகளையும் உட்கார வைத்தார். லத்தீன், கிரேக்கம், கணிதம், அறிவியல் எல்லாவற்றையும் மேரி கற்றார். 1829இல் தாயாருடன் சேர்ந்து பெண்களுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

1833, அவருக்குத் திருப்புமுனையான ஆண்டு. இரண்டு பேர் பிரிஸ்டலுக்கு வந்தார்கள்.

ஒருவர் வங்காளத்தின் சீர்திருத்தவாதி ராஜா ராம்மோகன் ராய். உடன்கட்டை ஏறும் வழக்கத்துக்கு எதிராகப் போராடியவர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கார்பென்டர் குடும்பத்துக்கு அவர் நண்பர். பிரிஸ்டலுக்கு வந்த சில வாரங்களிலேயே, செப்டம்பர் 27ஆம் தேதி, அங்கேயே நோயுற்று இறந்துபோனார். இந்தியாவின் மீதான ஆர்வம் மேரியின் மனத்தில் விழுந்தது அப்போதுதான்.

இன்னொருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைகளிடையே பணியாற்றிய ஜோசப் டக்கர்மேன். இருவரும் பிரிஸ்டலின் ஏழ்மையான தெரு ஒன்றில் நடந்துபோனபோது, கிழிந்த உடையுடன் ஒரு பையன் குறுக்கே ஓடினானாம். அந்தப் பிள்ளையைப் பின்தொடர்ந்து வீடுவரை போய்ப் பார்க்கவேண்டும் என்று டக்கர்மேன் சொல்ல, அது மேரியின் மனத்தில் பதிந்துவிட்டது. 1835இல் ஏழைக் குடும்பங்களை வீடுதேடிச் சென்று பார்க்கும் சங்கம் ஒன்றை அமைத்தார்.

கிழிந்த உடைப் பள்ளி

1846இல் பிரிஸ்டலின் லூவின்ஸ் மீட் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்தார். அந்த வகைப் பள்ளிகளுக்குப் பெயரே கிழிந்த உடைப் பள்ளி. கட்டணம் கிடையாது. சட்டை இல்லையா, செருப்பு இல்லையா, பரவாயில்லை, வா என்பதுதான் விதி.

அங்குதான் அவர் ஒன்றைக் கவனித்தார். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று காணாமல் போகும். விசாரித்தால் சிறையில் இருக்கும். வெளியே வந்ததும் மறுபடி திருடும், மறுபடி உள்ளே போகும். சிறை அந்தப் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தந்தது என்றால், உள்ளே இருந்த பெரிய திருடர்களின் தொழிலைத்தான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. வைட் தீவில் உள்ள பார்க்ஹர்ஸ்ட்டில் 1838இல் பையன்களுக்கென்றே தனிச் சிறை திறந்தார்கள். ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளின் காலிலும் விலங்கு மாட்டினார்கள். 1847இல் வந்த ஒரு சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்கள் செய்யும் சிறு திருட்டு வழக்குகளை ஜூரி இல்லாமல் விரைவாக முடிக்க வழிசெய்தது. விசாரணையின் வேகம் கூடியது. போய்ச் சேரும் இடம் மாறவில்லை.

1851இல் மேரி ஒரு புத்தகம் எழுதினார். பிள்ளைகளை அதில் அவர் பிரித்துப் பார்த்தார். படிக்க வழியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பகல் பள்ளி. தெருவில் அலைந்து, தவறும் நிலையில் இருப்பவர்களுக்குத் தொழில் பள்ளி. குற்றம் செய்துவிட்டவர்களுக்குச் சீர்திருத்தப் பள்ளி. எந்தப் பிரிவுக்கும் அவர் சிறையை எழுதவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் பர்மிங்ஹமில் இதுபற்றி ஒரு மாநாடு நடந்தது. அதற்கு வித்திட்டதே அவருடைய புத்தகம். ஆனால் பெண் பொது மேடையில் பேசுவது முறையல்ல என்று கருதப்பட்ட காலம். மேரி பேசாமல் உட்கார்ந்திருந்தார், ஆண்கள் பேசினார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழு சாட்சியம் கேட்டபோது அவர் சும்மா இருக்கவில்லை. ஓட்டுரிமைகூட இல்லாத அந்தப் பெண், பார்க்ஹர்ஸ்ட் முறை ஏன் தோற்றது என்று உறுப்பினர்களிடம் நேரடியாக எடுத்துச் சொன்னார்.

பேச்சோடு நிற்கவில்லை

சட்டம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1852இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். தோட்ட வேலை, கைத்தொழில், படிப்பு என்று நாள் ஓடியது. முதலில் பையன்களும் பெண்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1854இல் பெண்களுக்காக ரெட் லாட்ஜ் என்ற பழைய மாளிகை கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் லேடி பைரன். அவர் வேறு யாருமில்லை, கணினி வகுப்பில் நீங்கள் பெயர் கேட்டிருக்கக்கூடிய அடா லவ்லேசின் தாயார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பள்ளி ரெடி, பிள்ளைகளும் தயார். பிள்ளையைச் சிறைக்குப் பதிலாக அங்கே அனுப்பும் தெளிவான அதிகாரம்தான் நீதிபதிகளுக்கு இல்லை. சட்டம் இல்லாத பள்ளி, பாதிப் பள்ளிதான்.

1854: வெற்றியா, தோல்வியா?

1854இல் இளம் குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. 16 வயதுக்குட்பட்ட ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், அவரை 2 முதல் 5 ஆண்டுவரை அங்கீகாரம் பெற்ற சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பலாம். பள்ளிகளைத் தனியார் அறநிறுவனங்கள் நடத்தும், அரசாங்கம் சோதனையிடும், நிதியும் தரும். பெற்றோரும் தங்கள் பங்குக்குப் பணம் கட்டவேண்டும்.

மேரி கேட்டது கிடைத்துவிட்டதுதானே? முழுசா இல்லை. பள்ளிக்குப் போகுமுன் அந்தப் பிள்ளை குறைந்தது 14 நாளாவது சிறையில் இருக்கவேண்டும் என்றது சட்டம்.

ஏன்? குற்றம் செய்த பிள்ளைக்கு இலவசச் சாப்பாடும் படிப்பும் கிடைத்தால், ஒழுங்காக உழைக்கும் ஏழையின் பிள்ளைக்கு அது அநியாயம் இல்லையா என்று ஒரு தரப்பினர் கேட்டார்கள். முதலில் தண்டனை, அப்புறம் திருத்தம் என்பது அவர்களின் வாதம். இந்த வாதத்தைக் கேட்டுச் சிரித்துவிடாதீர்கள். இன்றும் ஓர் இளையருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்ட செய்தி வந்தால், கீழே வரும் கருத்துகளில் பாதி இதைத்தான் சொல்லும்.

மேரியின் பதில் எளிமையானது. பிள்ளை செய்த தப்புக்கு, அதைத் தெருவில் விட்ட சமூகத்துக்கும் பங்கு உண்டு. அதோடு, 14 நாள் என்பது சின்னக் கணக்கு இல்லை. சிறைக் கதவு ஒருமுறை திறந்து மூடினால், அந்தப் பிள்ளை தன்னைச் சிறைவாசியாகவே பார்க்கத் தொடங்கிவிடும். பிறகு பள்ளி அதை அழிக்கப் பாடுபடவேண்டும்.

சட்டம் மசியவில்லை. 1857இல் தொழில் பள்ளிகளுக்கும் ஒரு சட்டம் வந்தது. ஆதரவின்றித் திரியும் 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள், குற்றவாளி என்ற முத்திரை விழுவதற்கு முன்னரே அங்கே போகலாம் என்றானது. 1866இல் அந்த 14 நாள், 10 நாளாகக் குறைந்தது. கட்டாயம் மட்டும் போகவில்லை.

இந்தியா, கூடவே சிங்கப்பூர்

1866இல், 59 வயதில், மேரி இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பம்பாய், அகமதாபாத், சென்னை, கல்கத்தா என்று சுற்றினார். பெண்களின் கல்வியைப் பார்ப்பது முதல் நோக்கம். போன இடங்களில் சிறைகளையும் பார்த்தார். அங்கேயும் பையன்கள் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப எழுதினார், அதிகாரிகளைச் சந்தித்தார். மொத்தம் நான்கு முறை இந்தியா போனார். 1876இல் இந்தியாவுக்கான சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் நிறைவேறியது. பின்னாளில் சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டில் அப்படியொரு பள்ளி வந்தது.

இதில் நமக்கு என்ன தொடர்பு? அவர் முதன்முறை இந்தியா போனபோது சிங்கப்பூரையும் கல்கத்தாவிலிருந்துதான் ஆண்டார்கள். 1867 ஏப்ரலில்தான் நிர்வாகம் பிரிந்தது. பிரிந்த பிறகும் சட்டம் அதே வழியில் வந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றித்தான் நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் எழுதப்பட்டது. இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, 7 வயதைத் தாண்டிய பிள்ளை மீது குற்றம் சாட்டலாம் என்ற வரம்பும் அதோடு வந்தது. மேரி பார்த்த சிறைப் பிள்ளைகளுக்கும் அதே 7 வயதுதான்.

இங்கிலாந்து அந்த வரம்பை 1933இல் 8 ஆகவும் 1963இல் 10 ஆகவும் உயர்த்தியது. சிங்கப்பூர்? 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் 7ஐ 10 ஆக்கியது. 2020இல் அது நடப்புக்கு வந்தது. உங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது நடந்த மாற்றம் இது. மலேசியாவிலும் வரம்பு 10தான். அங்கே 1947இன் சிறார் நீதிமன்றச் சட்டத்துக்குப் பதிலாக 2001இல் சிறார் சட்டம் வந்தது.

எல்லாம் நல்லதா?

மேரியை அப்படியே தெய்வமாக்கிவிடத் தேவையில்லை. சில வாரச் சிறையோடு முடிந்திருக்கக்கூடிய சிறு திருட்டுக்கு, சீர்திருத்தப் பள்ளி பல ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. ஏழைப் பெற்றோரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் இன்றைய சட்டம் இரண்டு கேள்விகளை எடைபோட வேண்டியிருக்கிறது: சிறை வேண்டுமா என்பது ஒன்று, திருத்தும் பெயரில் எவ்வளவு காலம் பிடித்து வைக்கலாம் என்பது இன்னொன்று. வீட்டிலிருந்தபடியே திருந்த வழிவிடும் நன்னடத்தைக் கண்காணிப்பு இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று. நீதிமன்றத்துக்கு வரும் சிறாரை அடையாளம் காட்டும் விவரங்களை எங்களைப் போன்ற ஊடகங்கள் வெளியிட முடியாததும் முத்திரை குத்திவிடக்கூடாது என்ற அதே அக்கறையால்தான்.

14 நாள் எப்போது போனது?

மேரி கார்பென்டர் 1877 ஜூன் மாதம் தூக்கத்திலேயே காலமானார். வயது 70. பிரிஸ்டலின் ஆர்னோஸ் வேல் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ராம்மோகன் ராயின் நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது.

அப்போதும் சிறைக் கட்டாயம் சட்டத்தில் இருந்தது. 1893இல் அது நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1899இல் அடியோடு நீக்கப்பட்டது. 1854இலிருந்து எண்ணினால் 45 ஆண்டு. மேரி இறந்து 22 ஆண்டு. அதற்கும் 9 ஆண்டு கழித்து, 1908இன் சிறார் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சிறையில் அடைப்பதையே நிறுத்தியது. சிறாருக்குத் தனி நீதிமன்றமும் தந்தது.

அடுத்த முறை இளையர் குற்றம் பற்றிய சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் பேசப்படும்போது, தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள். வயது வரம்பு என்ன, எத்தனை நாள், எந்த நிபந்தனை என்று உள்ளே தேடிப் பாருங்கள். 1854இல் தலைப்பு நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் அனுபவித்தது உள்ளே இருந்த அந்த 14 நாளை.