செடியையே கேட்டவர்



போன மாதம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து கோயில் திடலில் நின்றுகொண்டிருந்தோம். புல்லுக்கு நடுவே தொட்டாற்சிணுங்கி படர்ந்து கிடந்தது. செமாலுன்னு சொல்வோமே, அதுதான். நம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதைத் தொட்டுத் தொட்டுச் சுருங்க வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் பெரிய மெஷின் இருக்கே, அதில் இந்தச் செடியை வைத்தால், தொடும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியுமா என்று.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த மெஷினுக்குப் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு பொருளில் உள்ள மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, எடைவாரியாகப் பிரித்து, இன்னது இருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் நான் தினமும் செய்வது என்ன? இலையைப் பறித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, அரைத்து, கரைசலாக்கி உள்ளே விடுவேன். மெஷின் பேசுவது செத்த இலையைப் பற்றி. அவள் கேட்டது உயிருள்ள செடியைப் பற்றி.

இந்தக் கேள்வியோடு வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் ஒருவர் இருக்கிறார். ஜகதீஷ் சந்திர போஸ். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம். அன்று இரவு வீட்டுக்குப் போய் அவர் வாழ்க்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். உங்களுக்கும் சொல்லணும்னு தோணுச்சு.

1858 நவம்பர் 30-இல், இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி, பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலத்தில், அவர் மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் வீட்டுப் பணியாளரான முஸ்லிம் ஒருவரின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் மகன். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, மீன் கதைகளைக் கேட்டுத்தான் இயற்கையின்மேல் தனக்கு ஆசை வந்தது என்று போஸ் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் படித்தவங்க இதைக் கொஞ்சம் மனசில் வச்சுக்கணும்.

கல்கத்தாவில் படித்து, லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். காய்ச்சல் விடாமல் படுத்தியதால் அதை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் முதல் சோதனை. ஐரோப்பியருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிகப் பதவி என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் கூச்சல் போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டு மூன்று வருடம் ஒழுங்காகப் பாடம் நடத்தினார். அப்பாவின் தொழில் முயற்சிகள் நொடித்து வீட்டில் கடன் இருந்த நேரம் அது. கடைசியில் நிர்வாகமே இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. கருவி செய்ய உதவியவர் உள்ளூர்த் தகரக் கொல்லர். அந்த அறையிலிருந்துதான் மில்லிமீட்டர் அளவு அலைநீளம் கொண்ட வானொலி அலைகளை உண்டாக்கி, 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் பலர் முன்னால் செய்து காட்டினார். அந்த அலைகளைப் பிடிக்கும் கருவி தொடர்ந்து வேலை செய்தால் களைப்படைவதுபோல் மந்தமாவதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். உலோகமே இப்படி என்றால் செடி எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி அவரை இயற்பியலிலிருந்து தாவரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

இனிமேல்தான் நம்ம தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறோம். செடிக்கு வாய் கிடையாது. வெட்டினால் செத்துவிடும். அப்படியானால் அதன் பதிலை எப்படி வாங்குவது? செடியே தன் கையெழுத்தைப் போடட்டும் என்று போஸ் முடிவு செய்தார். தொட்டாற்சிணுங்கியின் இலைக்காம்பை மெல்லிய நூலால் ஒரு நெம்புகோலில் கட்டினார். நெம்புகோலின் முனை, புகைக்கரி பூசிய கண்ணாடியில் எழுதும். முனை தொடர்ந்து உரசினால் மெல்லிய அசைவு தடைபடுமே? அதனால் முனையை அதிரவிட்டு, புள்ளி புள்ளியாக மட்டும் தொட வைத்தார். இலை தாழ்ந்ததும் நிமிர்ந்ததும், அதற்கு எடுத்த நேரமும் அதில் பதிந்தன. தானாகவே அசையும் தொழுகண்ணிச் செடியையும் இப்படித்தான் ஆராய்ந்தார்.

தண்டின் உள்ளே பார்க்க வேண்டியபோதும் அவர் செடியைப் பிளக்கவில்லை. மெல்லிய பிளாட்டினக் கம்பியைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஓர் ஊசி செய்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தி, எந்த அடுக்கில் மின்சைகை வருகிறது என்று பார்த்தார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியும் அவர் செய்ததுதான்.

உலகம் உடனே கைதட்டவில்லை. 1900-இல் பாரிஸ் மாநாட்டில் அவர் பேசியபோது சுவாமி விவேகானந்தர் அந்நகரில் இருந்து பெருமைப்பட்டார். ஆனால் 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூத்த உடலியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள். ஓர் இயற்பியல்காரர் தங்கள் துறைக்குள் வருவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சாதாரணச் செடிக்கு மின்துலங்கல் உண்டு என்பதையும் அவர்கள் ஏற்கவில்லை. கட்டுரையின் சொற்களை மாற்றச் சொன்னார்கள். போஸ் மாற்றவில்லை, கட்டுரை அச்சேறவில்லை. அந்தச் சோர்வான காலத்தில் கூடவே நின்றவர் விவேகானந்தரின் சீடர் சகோதரி நிவேதிதை. போஸின் நூல்களுக்கு மொழி திருத்தி உதவினார். 1920-இல் கிரெஸ்கோகிராஃபைச் சந்தேகப்பட்டபோது, லண்டனில் விஞ்ஞானிகள் முன்னாலேயே அதை இயக்கிக் காட்டினார். கருவி சரிதான் என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1917-இல் தன் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். அதை வெறும் ஆய்வுக்கூடமாக அவர் நினைக்கவில்லை, கோயில் என்றே அர்ப்பணித்தார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் காலமானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். மேடையில் சிலர், செடி அழுகிறது என்று போஸ் நிரூபித்துவிட்டார் என்பார்கள். நானும் ஒரு முகாமில் அப்படிப் பேசியிருக்கிறேன். அது தப்பு. செடிக்குள் மின்சைகைகள் ஓடுகின்றன என்பது இன்று எல்லோரும் ஏற்ற உண்மை. ஆனால் வேரிலிருந்து நீர் மேலே ஏறுவதற்கு அவர் சொன்ன விளக்கத்தை அறிவியல் ஏற்கவில்லை. செடிக்கு விலங்குபோல் நரம்பு உண்டு என்பதும் அப்படியே நிலைக்கவில்லை. இதனால் அவர் சின்னவராகிவிட மாட்டார். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லாத மனிதரைப் பற்றி நாம் அளக்காமல் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் அவமரியாதை.

அடுத்த வாரம் தங்கைக்குப் பதிலோடு போனேன். முடியும்மா, செய்திருக்காங்க என்று சொன்னேன். அமெரிக்காவில் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் ராபி மூசாவும் அவர் குழுவினரும் தொட்டாற்சிணுங்கியின் வேரை அரைக்காமல், உயிரோடு இருக்கும்போதே அதிலிருந்து கிளம்பும் வாயுக்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பிடித்தார்கள். 2016-இல் வெளியிட்டார்கள். வேரை மண்ணோ மனித விரலோ தொட்டால் கந்தகச் சேர்மங்களை வெளிவிடுகிறது. கண்ணாடியோ உலோகமோ தொட்டால் விடுவதில்லை. எது தொடுகிறது என்பதற்கேற்ப அந்தச் சின்ன வேர் வேறுவேறாகப் பதில் சொல்கிறது. புகைக்கரிக் கண்ணாடி போய் மெஷின் வந்திருக்கிறது. செடியைக் கொல்லாமல் செடியையே கேட்பது என்ற போஸின் வழி மட்டும் மாறவில்லை.

அவள் கேட்டுவிட்டு மறுபடியும் திடலுக்கு ஓடினாள். இந்த முறை இலையைத் தொடவில்லை. ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து, சுருங்கிய இலை விரிய எத்தனை நிமிடம் ஆகுது என்று எழுத ஆரம்பித்தாள். உங்க வீட்டுப் பக்கத்திலும் செமாலு இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க.