ஒரு சிற்றூர் கொடுத்த பிரஜா உரிமை

ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் 1929ம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நாலே ஆண்டுகள் கழித்து அவர் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வழியில்லாமல், அந்நிய நாட்டு ஓட்டல்களில் நாள் கழித்தார். அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்பதே நிச்சயமில்லை. கடைசியில் அவருக்குப் புதிய பிரஜா உரிமை கிடைக்க வழி செய்தது, செக்கோஸ்லோவாகியாவில் கிழக்கு பொஹீமியா பகுதியில் உள்ள புரோசெச் என்ற சிற்றூரின் ஊராட்சி மன்றம்!

தாமஸ் மன் 1875ம் ஆண்டு ஜூன் 6ம் தேதி வட ஜெர்மனியின் துறைமுக நகரமான லூபெக்கில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி. நகர நிர்வாகத்திலும் பெரிய பதவி வகித்தவர். தாயார் பிரேசில் நாட்டில் பிறந்தவர். 1891ல் தகப்பனார் காலமானதும் பரம்பரை வியாபாரம் மூடப்பட்டது. குடும்பம் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே இளைஞர் தாமஸ் மன் 1894ல் ஒரு தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சம்பளமில்லாப் பயிற்சி குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கணக்குகளைப் பிரதி எடுக்கும் வேலை. பிரதி எடுத்த நேரம் போக, அதே மேஜையில் கதையும் எழுதினார். வேலை சில மாதங்களே நீடித்தது. ஆபீஸ் மேஜையில் ஆரம்பித்த எழுத்துதான் நிலைத்தது.

1901ல், 25 வயதில், "புட்டன்புரூக்ஸ்" நாவல் வெளிவந்தது. ஒரு வியாபாரக் குடும்பம் நான்கு தலைமுறைகளில் தேய்ந்து போகும் கதை அது. நோபல் பரிசு முக்கியமாக இந்த நாவலுக்காகவே கொடுக்கப்பட்டது. 1905ல் காத்யா என்ற பெண்ணை மணந்தார். ஆறு பிள்ளைகள். மியூனிக்கில் சொந்த வீடு, கார், செல்வாக்கு எல்லாம் இருந்தன.

போனில் வந்த எச்சரிக்கை

1933 ஜனவரி 30ம் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். பிப்ரவரி 10ம் தேதி தாமஸ் மன் மியூனிக்கில் இசை மேதை வாக்னர் பற்றிப் பிரசங்கம் செய்தார். மறுநாள் மனைவியுடன் ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் நாடுகளில் அதே பிரசங்கத்தைச் செய்யப் புறப்பட்டார். பிறகு சுவிட்சர்லாந்தில் அரோஸா என்ற மலை ஊரில் ஓய்வு. சில வாரப் பயணத்துக்கு வேண்டிய பெட்டிகள்தான் கையில். அந்தப் பெட்டிகளோடு வீட்டை விட்டவர், பதினாறு ஆண்டுகள் ஜெர்மன் மண்ணை மிதிக்கவில்லை.

ஊருக்குத் திரும்ப நினைத்தபோது மூத்த பிள்ளைகளான எரிக்காவும் கிளாவுஸும் மியூனிக்கிலிருந்து டெலிபோனில் பேசினார்கள். வெளிப்படையாகப் பேச முடியாத காலம். மியூனிக்கில் சீதோஷ்ணம் சரியில்லை, இப்போது வர வேண்டாம் என்று சாடையாகச் சொன்னார்கள். தகப்பனாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகு பயணம் ரத்தாயிற்று. உயிர் பிழைத்தது அந்தச் சாடைப் பேச்சால்தான் என்று சொல்லலாம். ஏனெனில் அந்த ஆண்டிலேயே அவரைக் காவலில் வைக்க மியூனிக் போலீஸ் உத்தரவு தயாரித்து விட்டது.

ஏப்ரலில் பாஸ்போர்ட் காலாவதியாயிற்று. புதுப்பிக்க மனுச் செய்தார். மியூனிக்குக்கு நேரில் வந்தால் மட்டுமே புதுப்பிக்கப்படும் என்று பதில் வந்தது. ரேஷன் கார்டுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்தப் பதிலின் தொனி புதிதல்ல. ஆனால் இங்கே நேரில் வா என்பதற்கு அர்த்தம் சிறைக்கு வா என்பது. அவர் போகவில்லை. வீடும் கார்களும் பாங்குப் பணமும் பறிமுதலாயின.

பிரான்சின் தென்கரையில் ஒரு கோடைக்காலம் கழிந்தது. 1933 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் ஏரிக்கரையில் குஸ்நாக்ட் என்ற ஊரில் வாடகை வீட்டில் குடியேறினார். சுவிஸ் அதிகாரிகள் மரியாதையாகவே நடத்தினார்கள். தங்க அனுமதி கொடுத்தார்கள். பயணத்துக்கு அடையாளத் தாளும் கொடுத்தார்கள். ஆனால் பிரஜா உரிமைக்குச் சட்டப்படி பல ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். நோபல் பரிசு பெற்றவருக்கும் அதே வரிசைதான்.

காகித மாப்பிள்ளை

குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி தேடினார்கள். மூத்த மகள் எரிக்கா நாஜிகளைக் கேலி செய்து நாடகம் நடத்தியவர். அவருடைய ஜெர்மன் பிரஜா உரிமை பறிபோகும் என்று 1935ல் தெரிந்தது. அந்நாளில் பிரிட்டிஷ் பிரஜையை மணந்த பெண் பிரிட்டிஷ் பிரஜையாகி விடுவாள். எனவே ஆங்கிலக் கவிஞர் ஆடனை இங்கிலாந்தில் பதிவுத் திருமணம் செய்து கொண்டார். கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. தம்பதியாக வாழவும் இல்லை. முன்பின் தெரியாத பெண்ணுக்கு ஒரு பாஸ்போர்ட் கொடுப்பதற்காகக் கழுத்தை நீட்டிய அந்தக் கவிஞரைப் பாராட்டத்தான் வேண்டும்.

தாமஸ் மன்னின் அண்ணன் ஹைன்ரிக் மன்னும் பெரிய எழுத்தாளர். ஹிட்லர் சர்க்கார் 1933 ஆகஸ்டிலேயே அவருடைய பிரஜா உரிமையைப் பறித்து விட்டது. பிரான்சில் இருந்த அவர் செக்கோஸ்லோவாகியாவுக்கு விண்ணப்பித்தார். அங்கே ஒரு சட்டம்: அந்நியர் பிரஜையாக வேண்டுமானால் முதலில் ஏதாவது ஓர் ஊர் அவரைத் தன் ஊர்க்காரராக ஏற்க வேண்டும். இதற்கு ஊருரிமை என்று பெயர் சொல்லலாம். ஊருரிமை பெற்றவர் நாளைக்கு வறுமையில் விழுந்தால் அவரைப் பராமரிக்க அந்த ஊர் கடமைப்பட்டது. ஆகவே இது வெறும் கௌரவப் பட்டமல்ல. ஊர்ப் பணத்தைப் பிணையாக வைக்கும் காரியம்.

ஹைன்ரிக் முதலில் லிபெரெட்ஸ் என்ற பெரிய நகரத்தைக் கேட்டார். ஜெர்மன் மொழி பேசுவோர் மிகுந்த அந்த நகரசபையில் எதிர்ப்புக் கிளம்பி, மனு நகரவில்லை. செய்தி அறிந்த ருடால்ப் பிளைஷ்மன் என்பவர் முன்வந்தார். புரோசெச்சில் வியாபாரம் செய்து வந்த யூதர், புத்தகப் பிரியர். ஊராட்சி மன்றத்தில் பேசி ஹைன்ரிக்குக்கு ஊருரிமை வாங்கிக் கொடுத்தார். 1936ல் ஹைன்ரிக் செக்கோஸ்லோவாகியப் பிரஜையானார்.

தம்பி மட்டும் தயங்கிக் கொண்டே இருந்தார். அவர் புத்தகங்கள் அப்போதும் ஜெர்மனியில் விற்று வந்தன. வாய் திறந்தால் அந்த வாசகர்களை இழக்க நேரும் என்று மூன்று ஆண்டுகள் பகிரங்கமாக எதுவும் சொல்லாமல் இருந்தார். மற்ற அகதி எழுத்தாளர்கள் குறை சொன்னார்கள். பெற்ற மகள் எரிக்காவே உறவை முறிக்கும் அளவுக்குக் கோபித்துக் கொண்டார். அந்த மௌனம் நியாயம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சொந்த மொழி வாசகர்களை இழக்க எந்த எழுத்தாளனுக்குத்தான் மனம் வரும்? 1936 பிப்ரவரியில் ஜூரிச் பத்திரிகை ஒன்றில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துத் தன் நிலையைத் தெரிவித்தார். இனி ஜெர்மன் பிரஜா உரிமை நிலைக்காது என்பது அவருக்கே தெரிந்தது.

பதின்மூன்று நாள் வித்தியாசம்

1936 ஆகஸ்டில் பிளைஷ்மன் குஸ்நாக்டுக்கு நேரில் வந்தார். அண்ணனுக்குச் செய்ததைத் தம்பிக்கும் செய்வதாகச் சொன்னார். தாமஸ் மன் ஒப்புக்கொண்டார். அந்த மாதமே புரோசெச் ஊராட்சி மன்றம் ஊருரிமை வழங்கியது. ஜனாதிபதி பெனெஷும் ஆதரவாக இருந்தார். நவம்பர் 19ம் தேதி ஜூரிச்சில் செக்கோஸ்லோவாகியக் கான்சல் அலுவலகத்தில் பிரமாணம் எடுத்துக் கொண்டார். ஓர் ஊரைக் கண்ணால் பார்க்காமலேயே அந்த ஊர்க்காரரானார்! சுவிட்சர்லாந்தில் காத்திருப்பு முடியவில்லை. இருந்தாலும் கையில் ஒரு நாட்டின் பாஸ்போர்ட் வந்து விட்டது.

சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 2ம் தேதி, ஜெர்மன் சர்க்கார் அவருடைய பிரஜா உரிமையைப் பறித்ததாக அறிவித்தது. அதைக் காரணம் காட்டி பான் பல்கலைக்கழகம் முன்பு அளித்த கௌரவ டாக்டர் பட்டத்தை ரத்து செய்தது. தாமஸ் மன் 1937 புத்தாண்டில் பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதினார். வேறு நாட்டுப் பிரஜையாகி விட்டபடியால் ஜெர்மன் பிரஜா உரிமை ஏற்கெனவே நீங்கி விட்டது, இல்லாததைப் பறிப்பதாகச் சொல்லும் உத்தரவுக்குச் சட்டப்படி பொருளில்லை என்று சுட்டிக் காட்டினார். மீதியில் நாஜி ஆட்சியை வெளுத்து வாங்கினார். அந்தக் கடிதம் பல மொழிகளில் வெளிவந்தது. ஜெர்மனிக்குள்ளும் வேறு அட்டை போட்டு ரகசியமாகக் கொண்டு போனார்கள்.

அதே ஜனவரியில் மனைவியுடன் புரோசெச்சுக்குப் போய் ஊராருக்கு நன்றி சொன்னார்.

நாடு போனது, பாஸ்போர்ட் நின்றது

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது தாமஸ் மன் அமெரிக்காவில் பிரசங்கப் பயணத்தில் இருந்தார். ஐரோப்பாவில் இனி பாதுகாப்பில்லை என்று அங்கேயே குடியேறத் தீர்மானித்தார். வந்திருந்ததோ விருந்தினராக. நிரந்தரமாகக் குடியேறுவதற்கு வெளியே போய், குடியேறுபவராக மறுபடி உள்ளே வர வேண்டும். மே மாதம் கனடாவின் டொராண்டோவுக்குப் போய் அந்தச் சடங்கை முடித்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரசங்கியார் வேலை கிடைத்தது. அதே ஊரில் ஐன்ஸ்டைன் இருந்தார்.

செப்டம்பர் கடைசியில் மியூனிக் ஒப்பந்தத்தில் செக்கோஸ்லோவாகியா துண்டாடப்பட்டது. 1939 மார்ச் 15ம் தேதி ஜெர்மன் படை பிராகா நகரில் நுழைந்தது. பிரஜை அமெரிக்காவில் பத்திரமாக இருந்தார். அவருடைய நாடு மறைந்து விட்டது. ஆனால் அமெரிக்கா அந்த ஆக்கிரமிப்பை அங்கீகரிக்கவில்லை. ஆகவே பாஸ்போர்ட் செல்லுபடியாயிற்று. பிளைஷ்மன் தப்பி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

காத்திருந்த காலத்தில் 1940ல் ஓர் இந்தியக் கதையை எழுதினார். இரு நண்பர்களின் தலைகள் உடல் மாறிப் போய், மனைவிக்கு உரியவன் யார் என்று கேள்வி எழும் வேதாளக் கதைதான். "அம்புலிமாமா" படித்தவர்களுக்குப் பழக்கமானதே. கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்நாட் 1971ல் எழுதிய "ஹயவதனா" இதிலிருந்து பிறந்ததே.

1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. ஜெர்மன் பிரஜைகள் எதிரி நாட்டார் ஆனார்கள். மேற்குக் கரையில் இருந்தவர்கள் இரவு 8 மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்த அகதிகளுக்கும் அதே விதி. அப்போது கலிபோர்னியாவில் இருந்த தாமஸ் மன்னை அது தொடவில்லை. அவர் நேச நாடான செக்கோஸ்லோவாகியாவின் பிரஜை! புரோசெச் ஊராட்சி 1936ல் நிறைவேற்றிய தீர்மானம், பல ஆயிரம் மைல் தாண்டி இங்கே உதவியது. தனக்குத் தொல்லை இல்லை என்று அவர் சும்மா இருக்கவில்லை. 1942 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலீஸில் அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி முன் சாட்சி சொல்லி, மற்ற அகதிகளுக்காக வாதாடினார்.

ஐந்து ஆண்டுக் கெடு முடிந்து, தேர்வும் முடிந்து, 1944 ஜூன் 23ம் தேதி அமெரிக்கப் பிரஜையானார். வயது 69. பழைய பிரஜா உரிமையைச் சத்தமில்லாமல் கழற்றி விடவில்லை. லண்டனில் அகதி சர்க்கார் நடத்தி வந்த ஜனாதிபதி பெனெஷுக்கு விளக்கக் கடிதம் எழுதினார். பெனெஷ் பெருந்தன்மையாகப் பதில் போட்டார்.

1949ல் ஜெர்மனிக்குப் போனார், அமெரிக்கராகவே போனார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை மூண்டபோது அவர் பெயரும் அடிபட்டது. மனம் கசந்து 1952ல் சுவிட்சர்லாந்துக்கே திரும்பினார். 1955 மே மாதம் பிறந்த ஊரான லூபெக் அவரைக் கௌரவப் பிரஜையாக்கியது. ஆகஸ்ட் 12ம் தேதி ஜூரிச் ஆஸ்பத்திரியில் காலமானார். ஏரிக்கரையில் கில்ஷ்பெர்க் கிராமத்து மாதாகோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.