கஞ்சியோடு இராட்டையும் தந்த புனிதர்



செப்டம்பர் 27-ஆம் நாள் புனித வின்சென்ட் தே பவுலின் திருவிழா. ஏழைக் குடும்பங்களைத் தேடிச் செல்லும் வின்சென்ட் தே பவுல் சபையினரை நம் பங்குகளில் அறிவோம். அச்சபை, புனிதர் இறந்து 173 ஆண்டுகளுக்குப் பின், 1833-இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாமும் அவர் நண்பர்களும் தொடங்கியது. புனிதரின் சொந்தப் பணியோ போரின் நடுவே வளர்ந்தது.

1581-இல் பிரான்சு நாட்டில் பூய் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் கால்நடை மேய்த்தார். 1600-இல் குருவானார். 1617-இல் ஷத்தியோன் ஊரில் பங்குப்பணி செய்தபோது, ஒரு வீட்டில் எல்லாரும் நோயுற்றுக் கிடப்பதை மறையுரையில் சொன்னார். அன்று மாலையே ஊர் முழுவதும் உணவோடு அங்கே திரண்டது. அவர் மகிழ்ந்தார், ஆனால் யோசித்தார். இன்று கொடுத்தது மிஞ்சிக் கெட்டுப்போகும். நாளை அவர்கள் பட்டினி கிடப்பார்கள். இரக்கம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும் என்று பெண்களைச் சேர்த்துப் பிறரன்புக் குழு அமைத்தார். 1633-இல் புனித லூயிஸ் தே மரிலாக்குடன் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார்.

1648-இல் பிரான்சில் உள்நாட்டுப் போர் மூண்டது. அரசவையும் பிரபுக்களும் மோதிக்கொள்ள, பயிரும் வீடும் இழந்தவர்கள் ஏழைகளே. 1649 சனவரியில், 67 வயதில், வெள்ளம் புரண்ட சேன் ஆற்றைக் குதிரையில் கடந்து அரசியிடம் சென்றார். போர் நிற்க, முதலமைச்சர் மசரேன் விலக வேண்டும் என்று வேண்டினார். அரசவை அதை விரும்பவில்லை. பாரிசு மக்களோ அவரை அரசியின் ஆள் என்று எண்ணினர். அவரது புனித லாசர் இல்லம் சூறையாடப்பட்டது. இரு பக்கமும் பகையைச் சம்பாதித்தும் அவர் பணியை நிறுத்தவில்லை.

1652-இல் பாரிசில் நாள்தோறும் சுமார் 15,000 பேருக்குக் கஞ்சி வழங்கப்பட்டது. அடைக்கலம் தேடி வந்த 800-க்கும் மேற்பட்ட இளம்பெண்கள் பாதுகாப்பான வீடுகளில் தங்கவைக்கப்பட்டனர். கேட்க வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே வாடியவர்களையும் தேடிச் சென்று உதவினர்.

1659-இல் போர் ஓய்ந்து அமைதி திரும்பும் காலம் வந்தது. வேறு யாரேனும் என்றால் பணி முடிந்தது என்றிருப்பர். அவரோ பாழான ஊர்களில் பணியாற்றிய சகோதரருக்குக் கடிதம் எழுதி, நிலமுள்ளோர்க்கு விதையும், நிலமற்ற ஆண்களுக்கு வேலைக் கருவிகளும், பெண்களுக்கு இராட்டையும் நூற்பதற்குக் கம்பளியும் சணலும் கொடுக்க ஏற்பாடு செய்தார். கஞ்சி உயிரைக் காக்கும். இராட்டையோ அந்தப் பெண் தன் பிள்ளைகளுக்குத் தானே உலை வைக்க உதவும். 1660 செப்டம்பர் 27-இல் இறந்தார். 1737-இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

கொள்ளிடக் கரையில் தா.பழூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் போர் தொலைவானதாகத் தோன்றலாம். ஆனால் 1983 முதல் 2009 வரை நடந்த இலங்கைப் போர் பல்லாயிரம் தமிழ்ப் பெண்களைக் கைம்பெண்களாக்கியது. காணாமல் போன கணவருக்காகக் காத்திருப்போரும் உண்டு. அந்தப் போருக்குத் தப்பி வந்தோரின் முகாம் நம் பெரம்பலூர் துறைமங்கலத்திலும் இருக்கிறது. போர் இல்லாமலே, துணையிழந்து பிள்ளைகளோடு தவிக்கும் தாய் நம் அன்பியத்திலும் இருக்கலாம்.

சிந்தனைக்கு: திருவிழா நாளில் ஒருவேளை உணவும் ஒரு சேலையும் கொடுத்து நாம் நிறைவடைகிறோமா? அவர் செய்யத் தெரிந்த தொழில் எது, அதற்கு என்ன தேவை என்று அவரிடமே கேட்டிருக்கிறோமா?

இறைவா, கேட்கத் தயங்குவோரைத் தேடிச் செல்லும் கால்களையும், அவர்கள் எழுந்து நிற்கும்வரை துணைநிற்கும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.