ரொறன்ரோவின் நெருப்புக்காய்ச்சலை வென்ற வைத்தியர் சாள்ஸ் ஹேஸ்ரிங்ஸ்

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எம்மவருள், நகர மண்டபத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பாதவர் மிகச் சிலரே. 1965ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட அம்மண்டபம் எழுந்துள்ள நிலத்தில் முன்னர் என்ன இருந்தது என்பதை அறிந்தவரும் மிகச் சிலரே. கொலிஜ், குயீன், யங் வீதிகளுக்கும் யூனிவேர்சிற்றி அவெனியூவுக்கும் இடைப்பட்ட அப்பகுதி சென். ஜோன்ஸ் வட்டாரம் எனப்பட்டது. மக்கள் அதனைச் சுருக்கமாக வார்ட் என்றே அழைத்தனர். அமெரிக்காவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர், ரஷ்யப் பேரரசில் நிகழ்ந்த படுகொலைகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர், வறுமை துரத்திய இத்தாலியர், சீனர் எனப் போக்கிடம் அற்றோர் பலர் முதலில் வந்து தங்கிய இடம் அதுவே. எம்மவர் பலர் நிலக்கீழ் அறைகளில் இந்நாட்டு வாழ்க்கையைத் தொடங்கியது போன்று, அவர்கள் அங்கே நெருக்கமான மரவீடுகளில் தொடங்கினர்.

அம்மக்களின் உடல்நலத்தை மாநகரத்தின் பொறுப்பாக்கியவர் சாள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் என்னும் வைத்தியர். அவரது வாழ்க்கையை நாம் இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. அவர் எதிர்த்துப் போராடிய கிருமியின் இனத்தவை இன்றும் எமது சமையலறைக்குள் வந்து போகின்றன.

இன்று எம்மவர் பெருந்தொகையாக வாழும் மார்க்கம் பகுதியிலேயே 1858ஆம் ஆண்டில் ஹேஸ்ரிங்ஸ் பிறந்தார். அந்நாளில் அது வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் நிறைந்த நாட்டுப்புறம். மருத்துவம் கற்றுத் தேறிய அவர் ரொறன்ரோவில் மகப்பேற்று வைத்தியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். நல்ல பெயரும் போதிய வருவாயும் பெற்று, அமைதியாக முதுமையை நோக்கிச் சென்றிருக்கக்கூடிய வாழ்க்கை அது.

அவ்வமைதியைக் குலைத்தது ஒரு கோப்பைப் பால். அசுத்தமான பாலின் மூலம் பரவிய நெருப்புக்காய்ச்சல் அவருடைய மகளின் உயிரைப் பறித்தது. பிறர் பிள்ளைகளை இவ்வுலகுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்டவர், தம் பிள்ளையைக் காக்க இயலாது நின்றார். அத்துயரில் அவர் முடங்கிவிடவில்லை. நகரில் விற்கப்படும் பாலைப் பாதுகாப்பானதாக்குவதே தம் கடமை எனக் கொண்டார். கனடிய மருத்துவச் சங்கம் அமைத்த பால் ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி, பால் கறக்கும் இடம் முதல் பருகும் இடம் வரை அது எவ்வாறு கெடுகின்றது என்பதை ஆராய்ந்தார்.

நெருப்புக்காய்ச்சலை உண்டாக்குவது சல்மொனெல்லா இனத்தைச் சேர்ந்த ஒரு பற்றீரியா. அமெரிக்கக் கால்நடை வைத்தியர் டானியல் சல்மன் என்பவரின் பெயரால் இவ்வினம் வழங்கப்படுகின்றது. முதலில் இனங்காணப்பட்ட கிருமி ஒன்றை 1885ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் அவரது உதவியாளரான தியோபால்ட் சிமித் என்பவரே. ஆயினும் பெயர் தலைவருக்கே போய்ச் சேர்ந்தது. இவ்வினத்தில் பல வகைகள் உண்டு. நெருப்புக்காய்ச்சலைத் தரும் வகை மனிதரிடம் மட்டுமே வாழ்வது. நோயுற்றவரின் மலத்தோடு வெளியேறி, நீரிலும் பாலிலும் கலந்து, இன்னொருவரின் வாயை அடைவதே அதன் வழி. நோய் மாறிய பின்னரும் சிலர் தம்மை அறியாமலே அக்கிருமியைச் சுமந்து திரிவர்.

1910ஆம் ஆண்டில், தமது 52ஆவது வயதில், ஹேஸ்ரிங்ஸ் ரொறன்ரோ மாநகரத்தின் சுகாதார வைத்திய அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அப்போது நகரின் மக்கள்தொகை நான்கு இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கழிவுநீர் குடாவுக்குள் விடப்பட்டது. குடிநீரும் அதே ஒன்ராறியோ ஏரியிலிருந்தே எடுக்கப்பட்டது. ஊரில் கிணற்றையும் மலகூடத்தையும் அருகருகே அமைப்பதன் தீங்கை அறிந்த எமக்கு, இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. நெருப்புக்காய்ச்சல் ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளியாயிற்று. 1910இலேயே குடிநீருக்குக் குளோரீன் இடும் முறை தொடங்கப்பட்டது. 1912இல் ரொறன்ரோத் தீவில் மணல் வடிகட்டி நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் 1941இல் திறக்கப்பட்டு, இன்றும் குயீன் வீதியின் கிழக்கு முனையில் ஏரிக்கரையோரம் மாளிகை போல் நிற்கும் ஹாரிஸ் நீர் நிலையம் அப்பணியின் தொடர்ச்சியே.

நீருக்கு எதிர்ப்பாளர் குறைவு. பாலுக்கோ எதிர்ப்பாளர் பலர். லூயி பாச்சர் வகுத்த முறைப்படி பாலை அளவாகச் சூடாக்கி உடனே குளிரவைத்தால் நோய்க்கிருமிகள் அழியும். 63 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்திருந்தாலே போதும். எனினும் சூடாக்கினால் பாலின் இயற்கைச் சத்து அழியும் என்றனர் சிலர். அழுக்கான பாலை விற்போருக்கு இது திரையாகிவிடும் என்றனர் வேறு சிலர். சிறு வியாபாரிகள் செலவை எண்ணி அஞ்சினர். நோயுற்ற பிள்ளைகளுக்கான ரொறன்ரோ மருத்துவமனை, சட்டம் வருவதற்கு முன்னரே தனக்கெனப் பால் சூடாக்கும் நிலையம் ஒன்றை அமைத்து வழிகாட்டியிருந்தது. ஹேஸ்ரிங்ஸ் இரு முனைகளிலும் செயற்பட்டார். பண்ணைகளும் பால் நிலையங்களும் பரிசோதிக்கப்பட்டன. பால் மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குச் சென்றன. சுத்தமாகக் கறப்பதும் வேண்டும், முறையாகச் சூடாக்குவதும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்பதே அவரது கொள்கை. 1915ஆம் ஆண்டளவில் ரொறன்ரோவில் பாச்சர் முறை கட்டாயமாயிற்று. கனடிய நகரங்களுள் இதில் முதலிடம் ரொறன்ரோவுக்கே. ஒன்ராறியோ மாகாணம் முழுவதற்கும் அது சட்டமாவதற்கு 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் காண ஹேஸ்ரிங்ஸ் உயிருடன் இருக்கவில்லை.

1911ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கை மாநகரத்தை உலுக்கியது. வார்ட் உள்ளிட்ட பகுதிகளில் வீடு வீடாகச் சென்று திரட்டப்பட்ட விபரங்கள் அதில் இருந்தன. ஓரறையில் குடும்பங்கள் நெருங்கி வாழ்வது, குழாய் நீர் இல்லாமை, முற்றத்துக் குழிமலகூடங்கள் என யாவும் வெளிச்சத்துக்கு வந்தன. மாநகரப் புகைப்படக் கலைஞர் ஆதர் கொஸ் எடுத்த படங்கள், கண்டும் காணாதிருந்தோரையும் காணவைத்தன. இங்கிலாந்துப் பெருநகரங்களில் மட்டுமே சேரிகள் உண்டு என்று எண்ணியிருந்த ரொறன்ரோ வாசிகள் நாணி நின்றனர். அதே ஆண்டில் பணிக்கு வந்த யூனிஸ் டைக் என்னும் தாதியின் தலைமையில், பொதுச் சுகாதாரத் தாதியர் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்கு வழிகாட்டும் முறை வளர்ந்தது.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எமது நோக்கமன்று. குடிவந்தோரே நோயைக் கொண்டுவருகின்றனர் என்னும் எண்ணம் அக்கால அதிகாரிகளிடம் பரவலாக இருந்தது. ஹேஸ்ரிங்ஸும் அவருடைய துறையினரும் அதிலிருந்து முற்றாக விடுபட்டவர்கள் அல்லர். வாழத் தகாதவை என வீடுகள் மூடப்பட்டபோது, அங்கிருந்தோர் எங்கே போவது என்னும் கேள்விக்கு மாநகரத்திடம் தக்க விடை இருக்கவில்லை. பரிசோதகரைக் கண்டு கதவைச் சாத்திய ஏழைகளின் அச்சத்துக்கு நியாயம் இருந்தது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. அழுக்கு ஏழையின் குணம் அன்று, குழாயும் வடிகாலும் இல்லாமையின் விளைவு என்பதை அவரது அறிக்கையின் விபரங்களே எடுத்துக்காட்டின. நீரும் பாலும் தூய்மையானபோது, அதே வார்ட்டில், அதே மக்களிடையே நெருப்புக்காய்ச்சல் அரிதாயிற்று.

1918இல் அவர் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். அவ்வாண்டின் கொடிய இன்புளுவென்சாவின்போதும் ரொறன்ரோவின் சுகாதாரப் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1929இல் ஓய்வு பெற்று, 1931இல் காலமானார்.

இனி, அக்கிருமியின் இனத்தவற்றுக்கு வருவோம். இந்நாட்டில் நெருப்புக்காய்ச்சல் இன்று அரிது. பெரும்பாலும் பயணம் போய் வந்தோரிடமே காணப்படுகின்றது. அதன் இடத்தில் வேறு சல்மொனெல்லா வகைகள் நிற்கின்றன. அவற்றின் முக்கிய உறைவிடம் கோழியின் குடல். நோயின் அறிகுறி எதுவுமின்றிக் கோழி அவற்றைச் சுமக்கும். வெட்டும் இடத்தில் ஒரு கோழியிலிருந்து மறு கோழிக்குத் தாவும். ஒரு வகை, கோழியின் சூலகத்தினூடாக முட்டை உருவாகும்போதே அதனுள் புகுந்துவிடும். ஓடு சுத்தமாக இருந்தும் உள்ளே கிருமி இருப்பது இதனாலேயே.

இதனைக் கட்டுப்படுத்தும் வழி ஹேஸ்ரிங்ஸ் பாலுக்குக் கையாண்ட வழியேயாகும். ஊற்றில் தொடங்கி வாசலில் முடிவது. தாய்க்கோழிக் கூட்டங்களின் இரத்தத்தைச் சோதித்து நோயுற்றவற்றை நீக்கியதால், குஞ்சுகளைக் கூட்டமாகக் கொன்ற பழைய சல்மொனெல்லா நோய்கள் வணிகப் பண்ணைகளில் ஒடுங்கின. தீவனத்தைச் சூடாக்குதல், எலிகளை ஒழித்தல், ஒரு தொகுதி வெளியேறியதும் கூட்டை முழுமையாகக் கழுவித் தொற்று நீக்குதல், தடுப்பூசி என்பன பண்ணையின் பங்கு. முட்டைக் கோழிகளுக்குத் தடுப்பூசி ஏற்றிய பிரித்தானியா 1990களின் பிற்பகுதியில் நல்ல பயனைக் கண்டது. கனடாவில், மாவில் தோய்த்து உறையவைத்த கோழித் துண்டுகளால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து, அவற்றில் சல்மொனெல்லா கண்டறிய முடியாத அளவுக்குக் குறைக்கப்பட வேண்டும் என 2019 ஏப்ரல் முதல் உற்பத்தியாளருக்கு விதிக்கப்பட்டது. பொரித்தவை போலத் தோன்றும் இத்துண்டுகளுட் சில உள்ளே பச்சையானவை. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் எம்மவர் பொதியிலுள்ள விபரத்தைப் படித்தல் நன்று.

எனினும் கடையில் வாங்கும் பச்சைக் கோழி கிருமியற்றது என்று எவரும் உறுதி கூற முடியாது. எனவே வீட்டின் பங்கும் உண்டு. கோழியை மஞ்சளும் உப்பும் இட்டுப் பலமுறை கழுவுவது எமது வழக்கம். குழாய் நீரின் வேகத்தில் தெறிக்கும் துளிகள் கிருமியைத் தொட்டியிலும், அருகிலுள்ள சம்பல் கிண்ணத்திலும் பரப்பும். மஞ்சள் அதனை முற்றாகக் கொல்லாது. கழுவாமல் நேரே சட்டியில் இடுவதே மேல் என இந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கூறுகின்றனர். இறைச்சித் துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸும், முழுக்கோழியாயின் 82 பாகையும் எட்ட வேண்டும். எமது கறி நன்கு கொதிப்பதால் சட்டியில் ஆபத்துக் குறைவு. பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் கழுவாத கையிலுமே ஆபத்து இருக்கின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணவகங்களிலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் எம்மவர் சிலர், ஒருநாட் சம்பளம் போய்விடும் என்று வயிற்றோட்டத்தை மறைத்து வேலைக்குச் செல்கின்றனர். அகதிக் கோரிக்கைக்குப் பாதகம் நேருமோ என்று அஞ்சி வைத்தியரிடமும் சொல்லாதிருப்போர் உளர். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பணி நோய் பரவிய வழியைக் கண்டு அடைப்பது; அவர் குடிவரவு அதிகாரி அல்லர். மறைக்கப்பட்ட நோய் முதலில் தாக்குவது எமது வீட்டுக் குழந்தைகளையும் முதியோரையுமே.

2001 முதல் ரொறன்ரோ உணவகங்களின் வாசலில் தொங்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு அறிவிப்புகளை நாம் நாள்தோறும் கடந்து செல்கின்றோம். பிள்ளைக்குப் பால் ஊற்றும்போது அஞ்சாதிருக்கின்றோம். மகளை இழந்த ஒரு தந்தை, அவ்விழப்பு இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்ததன் பயனில் அதுவும் அடங்கும். இழப்புகளைச் சுமந்து இந்நகருக்கு வந்த எமக்கு, அவ்வாழ்க்கை அந்நியமானதன்று.